விறகுக் கட்டைக் கித்தார்

என் தையல் மிஷின் கல்யாணச் சீராக வந்தது. கையால் சுற்றும் மிஷின். லைன் வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை, ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் கவுன், பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் காக்கி நிஜார் என்று வருஷம் முழுக்க அதற்கு வேலை இருந்தது. அந்த மிஷினை வைத்து நானும் என் வீட்டுக்காரரும் ஒரு கித்தார் செய்தோம் என்று சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். கித்தார் இன்னும் சுவரில்தான் தொங்குகிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது, லைன் என்போம். அவருக்குச் சுரங்கத்துக்குள் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, சாப்பிட்ட கையோடு மாண்டலினை எடுத்துவிடுவார். தோளில் ஒரு சிவப்புக்கரை துண்டு, மடியில் மாண்டலின், இதுதான் என் மனதில் இருக்கிற அவருடைய போட்டோ. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். கல்யாணம், திருவிழா, கிறிஸ்துமஸ் எதுவானாலும் கூப்பிட்ட இடத்துக்குப் போய் வாசிப்பார்கள். எங்கள் லைன் திருவிழாவில் அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டுத்தான் நான் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தேன். அதை அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் தலை கனத்துப் போகும்.

ஒரு நாள் கீழே, கல் ஏற்றிய டிராலிக்கும் தாங்கு மரத்துக்கும் நடுவில் அவருடைய இடது கை மாட்டிக்கொண்டது. நடு மூன்று விரல்களும் பாதிக்கு மேல் போய்விட்டன. கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் முழுசாகத் தப்பின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மேலே லாம்ப் ரூமில் வேலை கொடுத்தார்கள். கீழே இறங்குகிறவர்களுக்குத் தலை விளக்கு எடுத்துக் கொடுத்து, ஏறி வந்ததும் திரும்ப வாங்கி வைக்கிற வேலை. ஆள் பிழைத்ததே பெரிது என்று லைனில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவர் மட்டும் சொல்லவில்லை.

தோளில் கிடந்த துண்டு அன்றிலிருந்து கைக்கு இறங்கிவிட்டது. இடது கையில் சுற்றிக்கொண்டுதான் வாசலுக்கே போவார். கடைக்குப் போனாலும் துண்டு, கோயிலுக்குப் போனாலும் துண்டு. மாண்டலின் ஆணியில் தொங்கியது, தூசி தட்டக்கூட என்னை விடவில்லை. கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் பேச மாட்டார். விரல் போனதற்கு நான் அழுது தீர்த்துவிட்டேன். இந்த மௌனத்துக்கு எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் மறுபடியும் வாசிக்க வேண்டும். சாமியிடம் வேறெதையும் கேட்பதை நான் விட்டிருந்தேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் கவுன் தைக்கக் கொடுக்கிற ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண் இருந்தாள். மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு சாயங்காலம் தைத்த துணியைக் கொடுக்கப் போனபோது கூடத்தில் உட்கார்ந்து கித்தார் வாசித்துக்கொண்டிருந்தாள். மார்போடு சேர்த்துப் பிடிக்காமல் மடியில் மல்லாக்கப் படுக்கவைத்திருந்தாள். இடது கையில் ஒரு இரும்புத் துண்டு. அதைக் கம்பிகளின் மேல் வைத்து முன்னும் பின்னும் இழுக்கிறாள், பாட்டு வழுக்கிக்கொண்டு வருகிறது. எனக்குப் பாட்டில் கவனம் இல்லை. அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு விரலும் மடங்கவில்லை.

"மிஸ்ஸி, விரலால அழுத்தவே வேணாமா?" என்று கேட்டேன்.

"நோ, நோ. பார் பிடிக்கத் தெரிஞ்சா போதும்" என்றாள்.

கவுனுக்குக் கூலி வாங்கினேனா இல்லையா என்றுகூட ஞாபகம் இல்லை. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தேன்.

"விரல் இல்லன்னாலும் வாசிக்கலாங்க. என் கண்ணால பார்த்துட்டு வரேன்" என்றேன்.

"இன்னாத்த பார்த்த?"

"மடியில வெச்சிக்கினு மேல ஒரு இரும்ப வெச்சி இழுக்குறாங்க. அவ்வளோதான்."

"அதுக்கு வேற கித்தாரு வேணும். போய் உலைய பாரு."

வேற கித்தார் வேண்டும் என்றாரே தவிர, முடியாது என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

சுரங்கத்தில் தாங்கு கொடுக்கிற மரத்தை அறுத்து மீந்த துண்டுகள் எங்கள் லைனுக்கு விறகாக வரும். அந்தக் குவியலிலிருந்து நேராக, அழகாக, சிவப்பாக ஒரு கட்டையை இழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டு ரம்பத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டு வாசற்படியிலிருந்து பார்த்தார். நான் ரம்பத்தை வைத்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அதுவா? அது செத்த கட்டை."

"உங்களுக்கு இன்னா தெரியும், பார்த்தா நல்லாத்தான் கீது."

எழுந்து வந்தார். சுத்தியலை வலது கையில் எடுத்துக் கட்டையைத் தட்டினார், காதைச் சாய்த்துக் கேட்டார். கீழே வேலை செய்கிறவர்களுக்கு அது பழக்கம். ஷிப்ட் ஆரம்பிக்கும்போது தலைக்கு மேல் இருக்கிற பாறையை ஒரு கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் பாறை கெட்டி. பொதக் என்றால் கழன்றிருக்கிறது, நகர்ந்துவிட வேண்டும். இத்தனை வருஷம் அந்தக் காதை நம்பித்தான் என் கழுத்தில் தாலி இருந்தது. இப்போது அதே காதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விறகாகத் தட்டிக்கொண்டு போனார். வாசல் முழுக்க விறகு சிதறிக் கிடந்தது.

"இன்னா யக்கா, வெறகுல தங்கம் தேடுறாரா உங்கூட்டுக்காரரு?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்.

கடைசியில் அவர் எடுத்தது இருக்கிறதிலேயே அவலட்சணமான கட்டை. முடிச்சும் வடுவுமாக, ஒரு பக்கம் கருகினாற்போல இருந்தது.

"கேளு" என்று சொல்லித் தட்டினார்.

மற்ற கட்டைக்கும் இதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "ஆமாங்க, இதான்" என்றேன்.

நான் காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ள, அவர் வலது கையாலும் இடது முழங்கையாலும் இழைப்புளியைத் தள்ளினார். துண்டு அப்போதும் கையில்தான். மடியில் படுக்கிற நீளத்துக்கு ஒரு கெட்டிப் பலகையாக வந்தது. கித்தார் மாதிரியே இல்லை, சப்பாத்திப் பலகைக்கு வால் முளைத்தாற்போல இருந்தது. சொன்னேன். முறைத்தார். முறைத்தாலும் பரவாயில்லை, முறைக்கிற அளவுக்கு வந்தாரே என்று எனக்குச் சந்தோஷம்.

அடுத்த நாள் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால் மாண்டலின் தரையில் மொட்டையாகக் கிடந்தது. கம்பியை முறுக்குகிற சாவிகள் அத்தனையையும் கழற்றி ஒரு தட்டில் வைத்திருந்தார்.

"அதுக்காக இதையா கழட்டணும்?"

"சாவி இல்லாம கித்தாரு ஏது? இது இன்னா, சொம்மா தொங்கிக்கினு கீது" என்றார்.

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மொட்டை மாண்டலினை எடுத்துத் துடைத்து, பழைய புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தது அவர்தான்.

பிறகு கம்பி. இந்த விஷயத்தில் நாங்கள் செய்ததை எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்வார்கள். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அது தொங்குகிற கயிறு இரும்புக் கம்பிகளை முறுக்கிச் செய்தது. தேய்ந்த கயிற்றைக் கழித்துப் போட்டபின், அதன் இழைகள் எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு துணிக்கொடியாக இருக்கும். நம்பிக்கை என்றால் எங்களுக்கு அந்தக் கயிறுதான். ஊரில் பாதிப் பேரின் உயிர் தினமும் அதில் தொங்குகிறது. கித்தாருக்குக் கம்பி வேண்டுமே என்றதும் இரண்டு பேருமே ஒரே சமயத்தில் துணிக்கொடியைத்தான் பார்த்தோம்.

"கேஜையே தாங்குது. பாட்டத் தாங்காதா?" என்றார்.

ஈரத்துணியைக் கதவில் போட்டுவிட்டுக் கொடியை அவிழ்த்தேன். சாவி ஓட்டையில் அந்தக் கம்பி நுழையவில்லை. அதனால் ஒரு முனையில் பெரிய ஆணி, மறு முனையில் போல்ட்டு என்று அடித்துக் கட்டினார். மீட்டினால் தொம் என்றது. முறுக்கினார். மறுபடியும் தொம். இன்னும் முறுக்கினார். பலகை வில்லாக வளைந்தது.

"போதுங்க" என்றேன்.

"இப்பத்தான் பேச வருது" என்று ஸ்பானரை இன்னொரு திருப்புத் திருப்பினார்.

படார் என்று ஒரு சத்தம். ஆணி பிய்த்துக்கொண்டு பறந்து சாமி படத்தின் கண்ணாடியில் அடித்தது. எங்கள் ஊரில் பெரிதாக ஏதாவது சத்தம் கேட்டால், கீழே பாறை வெடித்துவிட்டது என்று பயந்து எல்லோரும் வெளியே வந்து கேஜ் இறங்குகிற ஷாப்ட் பக்கம் பார்ப்போம். அன்றும் லைன் முழுக்க வெளியே வந்து ஷாப்ட் பக்கம் பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எங்கள் வீட்டைப் பார்த்தது. உள்ளே அவர் உடைந்த கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். கை அடிபட்ட பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. அதற்காகச் சாமி இன்னும் இரண்டு கண்ணாடியைக்கூட இழந்திருக்கலாம், கோபித்துக்கொண்டிருக்காது. பலகையைத் தட்டிப் பார்த்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பலகையையும் வம்பு பண்ணிய கம்பியையும் எடுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்குப் போனோம். அங்கே ரேடியோ விற்கிற ஒருவர் இருந்தார். பரம்பரையாக வியாபாரம் செய்கிற குடும்பம், ஆனால் அவருக்கு விற்பதைவிடக் கழற்றிப் பார்ப்பதில்தான் ஆசை. கம்பியைப் பார்த்ததும் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது கேஜ் எறக்குற கம்பிங்க. பாட்டுக்கு முடி மாதிரி இருக்கணும். நான் பெங்களூர் போறப்போ வாங்கியாரேன்" என்றார். பிறகு பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கெட்டிப் பலகை, வயிறு இல்ல. தானா சத்தம் வராது. கம்பிக்கு அடியில ஒரு காந்தம் வெச்சி, அதச் சுத்தி தாமிரக் கம்பிய சுத்தி, ரேடியோவுக்குக் கொடுத்தா ரேடியோ பாடும். காந்தம் பழைய ஹெட்போன்ல இருந்து தரேன். சுத்துறதுதான் கஷ்டம். கையால சுத்துனா தீபாவளி வந்துரும்."

எரிந்துபோன ஏதோ ஒரு சாமானிலிருந்து எடுத்த தாமிரக் கம்பியைக் காட்டினார். தலைமயிரைவிட மெல்லிசு. எனக்கு அதைப் பார்த்ததும் வேறொன்று ஞாபகம் வந்தது.

"பாபின்ல நூல் சுத்துற மாதிரிதானேங்க?" என்றேன்.

கடைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

அட்டையை வெட்டி ஒட்டி, காந்தத்துக்கு அளவாக ஒரு சின்னக் கூடு செய்து, மிஷினில் பாபின் சுற்றுகிற இடத்தில் ஒரு குச்சி வைத்து மாட்டினேன். அவர் வலது கையால் பிடியைச் சுற்ற, நான் இரண்டு விரலுக்கு நடுவில் கம்பியை ஓடவிட்டேன். கொஞ்சம் இறுக்கினால் அறுந்துவிடும், கொஞ்சம் விட்டால் சிக்கிக்கொள்ளும். பட்டு ரவிக்கைக்கு நூல் விடுகிற பக்குவம்தான், ஆனால் அதைவிடப் பொறுமை வேண்டும். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சண்டைதான்.

"மெதுவா சுத்துங்க, இன்னா தேரா இழுக்குறீங்க?"

"நீதான் மூச்சு வுடுற, அதான் அறுவுது."

அறுந்த கம்பியை ஒட்டுவதற்கு ஒரு முனையை யாராவது பிடிக்க வேண்டும். அப்போது மட்டும் துண்டை அவிழ்த்துவிட்டுக் கட்டை விரலாலும் சுண்டு விரலாலும் பிடித்துக்கொள்வார். நான் கையைப் பார்க்காமல் கம்பியையே பார்ப்பேன். யாராவது கதவைத் தட்டினால் துண்டு ஏறிவிடும்.

பெங்களூர்க் கம்பிகள் வந்தன. மாண்டலின் சாவிகளில் அவற்றை மாட்டி, கடைக்காரரே வயர் பற்றவைத்து, ஒரு பெரிய ரேடியோவின் பின்பக்கம் சொருகினார். ரேடியோ ஈ மொய்க்கிற மாதிரி ரீங்காரம் போட்டது.

"வாசிங்க" என்றார் கடைக்காரர்.

அவர் துண்டுக் கையை இன்னும் கொஞ்சம் மறைத்துக்கொண்டு, "நீ தட்டு" என்றார் என்னிடம்.

கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. ஏதோ ஸ்குரூ தேடுகிறவர்போல உள்ளே போய்விட்டார். நான் ஆறு கம்பியையும் மொத்தமாக ஒரு தடவு தடவினேன். கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு நாதம் வந்தது. நான் அடுப்பில் வைக்க வேண்டிய கட்டை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

இழுக்கிற இரும்புக்கு மோட்டார் ஷெட்டில் வேண்டாமென்று போட்ட ஒரு பிஸ்டன் பின் கிடைத்தது. வழவழவென்று, நடுவில் ஓட்டையோடு இருக்கும். அந்த ஓட்டையில் சுண்டு விரலை நுழைத்துக்கொண்டால் அது கையை விட்டு நழுவாது. வீட்டில் ரேடியோ கிடையாது. மிஷினின் மரப்பெட்டியில் பலகையின் நுனியை முட்டக்கொடுத்தால் கொஞ்சம் சத்தம் வரும், எங்கள் இரண்டு பேருக்கு அது போதும். ஷிப்ட் முடிந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் பூனை கத்துகிற மாதிரிதான் இருந்தது. போகப்போக, மாண்டலினில் விட்டுவிட்டு வந்த பாட்டு இதில் விடாமல் இழைந்து வந்தது, ஆள் பாடுகிற மாதிரி. பலகை கனம் என்பதால் மடியில் வழுக்கும். அதற்குப் பச்சை வெல்வெட் துண்டுகளைச் சேர்த்துப் பஞ்சு அடைத்து ஒரு சின்ன மெத்தை தைத்தேன். கித்தாருக்குக் கித்தான் துணியில் ஒரு பையும் தைத்தேன். மெத்தை அந்தப் பையின் அடியில் இருக்கும்.

குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர். ஒரு நாள் சாத்தின கதவுக்கு வெளியே நின்று முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் தட்டினார். உள்ளே வந்து உட்கார்ந்து, "வர்ற ஞாயித்துக்கெழம பாலகாட்ல கல்யாணம். நீ வர்ற" என்றார்.

"மாண்டலினுக்குத்தான் ஆள் புடிச்சிட்டீங்களே."

"மாண்டலினுக்கு ஆள் கீறான். இதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சிநேகிதர் போனதும் வீடு பழையபடி ஆகிவிட்டது. கித்தாரைப் பையில் போட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார்.

"மாண்டலின்ல இந்தக் கை அடியில இருக்கும், யாரும் பார்க்க மாட்டாங்க. இதுல கை மேலயே இருக்குது. எல்லாரும் இதத்தான் பார்ப்பாங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை. மிஸ்ஸி வீட்டில் விரலைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்கே தோன்றவில்லை. அவருக்கென்று கறுப்புத் துணியில் ஒரு கையுறை தைத்தேன். போட்டுப் பார்த்தார், இரும்பு நழுவி விழுந்தது. கழற்றி வைத்துவிட்டார். "வாசிக்காட்டி போவுது, வந்து சாப்டுட்டு வாங்க" என்று ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு போனேன். கித்தார்ப் பையை நான்தான் எடுத்துக்கொண்டேன்.

பாலகாட்டு லைன் எங்களுக்கு நடக்கிற தூரம்தான். அங்கே பந்தல், மைக் செட், நல்ல கூட்டம். குழுவோடு உட்கார்ந்தார், ஆனால் கடைசியில், துண்டு சுற்றின கையை மடியில் வைத்துக்கொண்டு. ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்றும் முடிந்தது. ஆர்மோனியக்காரர் அவர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். பந்தலில் எல்லோரும் என்னவென்று பார்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து நானும் எட்டிப் பார்த்தேன்.

அவர் பையிலிருந்து கித்தாரை எடுத்து, வயரை மைக் செட்டில் சொருகக் கொடுத்துவிட்டு, மடியில் வைத்தார். அன்றைக்கென்று டெர்லின் பேண்ட் போட்டிருந்தார், அது வழுக்கியது. பைக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு என்னைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார். மெத்தையை வைத்ததாகத்தான் ஞாபகம், ஆனால் புறப்படுகிற அவசரத்தில் மிஷின் மேலேயே விட்டுவிட்டேனோ என்னவோ. இத்தனை பாடுபட்டு, கடைசியில் என்னால் கெட்டதே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் இடது கையில் இருந்த துண்டை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். நாலாக மடித்தார். மடியில் விரித்து, நீவிவிட்டு, அதன் மேல் கித்தாரை வைத்தார். கித்தார் அசையாமல் உட்கார்ந்தது. கை எல்லோருக்கும் முன்னால் அதன் மேல் இருந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை, "அம்மா, அந்தக் கையப் பாரு" என்றது. அவருக்கும் கேட்டிருக்கும். பிஸ்டன் பின்னில் சுண்டு விரலை நுழைத்து, கம்பியின் மேல் வைத்து, இழுத்தார்.

நான் அவரைப் பார்க்கவில்லை, ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள். அப்புறம் சிலர் தலையை ஆட்ட ஆரம்பித்தார்கள், சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்தக் குழந்தை வாயைப் பிளந்துகொண்டு மைக் செட்டின் குழாயைப் பார்த்தது. பாட்டு முடிந்ததும் இன்னொன்று என்றார்கள், அது முடிந்ததும் இன்னொன்று. இலை போடச் சொல்லிப் பெண் வீட்டார் வந்து கெஞ்ச வேண்டியதாயிற்று. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

சாப்பிட்டுவிட்டு நடந்தே திரும்பினோம். "மெத்தைய எங்கியோ வெச்சிட்டேங்க, என் புத்தி எங்க போச்சின்னே தெரியல" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தேன். "வுடு மே, அதுக்கு இன்னா இப்போ" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் மிஷினைப் பார்த்தேன். அதன் மேல் ஒன்றுமில்லை. பையை ஆணியில் மாட்டத் தூக்கினேன், அடியில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. கையை விட்டுப் பார்த்தேன். பச்சை வெல்வெட் மெத்தை, நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

திரும்பி வாசலைப் பார்த்தேன். அவர் தொட்டித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தார். துண்டு தோளில் இருந்தது.